தென்சுவரில் ஒரு மாவுக்கட்டு

செபஸ்தியம்மாள் இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் மருத்துவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். அழக்கூட முடியாத கோலம். பார்த்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அவர் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் அங்கே ஒரு மில்லில் கட்டட மேற்பார்வையாளன். இருவருக்கும் சொந்தக் கோயில், பிளவக்கல் போகும் பக்கம் வயல்களுக்கு நடுவே நிற்கும் நம்முடைய பழைய மாதா கோயில்தான். சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்துக் கட்டியது. வீட்டுக்கு ஒரு கூடை கல் தலையில் சுமந்து கொடுப்பது அன்றைய வழக்கம். செங்கல் வளைவுக் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும்; அதைத் தாங்கத்தான் இருபுறமும் முட்டுச்சுவர்கள்.

பெரிய சப்பரம் செய்த வருடம், அது கோயிலைச் சுற்றி வரத் தென்பக்க முட்டுச்சுவர் ஒன்று இடைஞ்சலாக நின்றது. திருவிழாவுக்கு முன்பே அதை இடித்தார்கள். பங்குச் சாமியார் உத்தரவு என்று கோயில் கமிட்டி நினைத்தது, கமிட்டி முடிவு என்று சாமியார் நினைத்தார். யாரையும் கேட்காமல் கொத்தனாரிடம் இடிக்கச் சொன்னவன் நான்.

சில நாளில் அந்த இடத்தில் மயிரளவு விரிசல் தெரிந்தது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணியைக் கொண்டுவந்து செபஸ்தி அதன் குறுக்கே ஒட்டினார். "சுவரு அசைஞ்சா கட்டு வெடிக்கும் அண்ணாச்சி. அசையலைன்னா நிம்மதியா இருக்கலாம்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

திருவிழாக் காலையில் இருவரும் புதுப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் வயல் வழியே நடந்தோம். பாதி வழியில், கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை செபஸ்திக்குப் போன் செய்தார்.

"அக்கா, கட்டு வெடிச்சிருச்சு. விரிசல்ல வெரல விடலாம்."

"உள்ள எம்புட்டுப் பேரு இருக்காக?"

"கோயிலு நெறைஞ்சிருச்சு. செத்த நேரத்துல பூசை."

"எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

"நான் சொன்னா யாருக்கா கேப்பா?"

செபஸ்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஈர வரப்பில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். என் மகள் கைக்குழந்தையோடு அந்தத் தென்சுவரோரம்தான் எப்போதும் உட்காருவாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. பூசைப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியது. "நான்தான் இடிக்கச் சொன்னேன், செபஸ்தி" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மொதல்ல நடங்க. பொறவு பேசலாம்."

கோயிலுக்குள் போனதும் செபஸ்தி சாமியாரிடம் மைக்கை வாங்கினார். "தென்சுவரு தாங்காது. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வடக்கு வாசல் வழியாப் போங்க" என்று நிதானமாகச் சொன்னார். மகள் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன். வேப்பமரத்தடியில் பூசை தொடர்ந்தது. எல்லாரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது விழவில்லை. மாலையில் சப்பரமும் புறப்படவில்லை.

அந்தக் கோபத்தில் ஊர்க்காரர்கள் நீங்கள் அவருக்கு வைத்த பெயர்தான் 'திருவிழாவைக் கெடுத்தவ'. மறுநாளே நான் சுவருக்கு மரங்களால் முட்டுக்கொடுத்து, பிறகு முட்டுச்சுவரைத் திரும்பக் கட்டினேன். கோயிலைப் பலப்படுத்துகிறோம் என்று மட்டும் சொன்னேன். பழைய வழக்கப்படி வீட்டுக்கு ஒரு கூடை கல் வந்தது. செபஸ்தியும் சுமந்து வந்தார். "விழுந்திருந்தா நம்பியிருப்பாக போல, செபஸ்தி" என்று யாரோ சீண்டினார்கள்.

பின்னொரு நாள், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"அது ஒங்க வாயில இருக்கு அண்ணாச்சி. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடக்கப் பூசையன்றுகூட அந்தக் கதையைச் சொல்லி ஒருவர் சிரித்தார். அதே கூரையின் கீழே, நானும் ஒரு பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தப் பெயரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது. இனிமேல் என்னைப் பார்க்கும்போது அப்படிக் கூப்பிடுங்கள்.