முப்பத்தேழாவது தோட்டா

பட்டையம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. கவச வண்டிகளின் மேல் பொருத்துகிற தானியங்கி பீரங்கி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. அங்கே ஒருவர் பீரங்கியின் நீண்ட குழலை வரைந்தார். இன்னொருவர் அது பின்னுக்கு உதைப்பதைத் தாங்கும் தாங்கியை வரைந்தார். இவள் வரைந்தது வழி. கோத்த தோட்டாக்களின் பட்டை, பெட்டியிலிருந்து கிளம்பி ஒரு தகர வாய்க்கால் வழியாக வளைந்து நெளிந்து பீரங்கியின் வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும், நிமிடத்துக்கு இருநூறு வீதம். ஒழுங்காகப் போனால் அப்படி ஒரு வழி இருப்பதே யாருக்கும் தெரியாது. மாட்டிக்கொண்டால் மட்டும் கூடம் முழுக்க அவள் பெயர் அடிபடும்.

வீட்டில் கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, உள்ளே பார்ப்பதை வெளியே பேசக்கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். மாமியார் கேட்டபோது, "ஒரு சாமானை இங்கேருந்து அங்க கொண்டு போற பெல்ட் இருக்குல்ல அத்தை, அது வரையுறேன்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த கணவரும் அதற்கு மேல் துருவவில்லை. ஆக, சொந்தபந்தம் முழுக்க அவளை ஏதோ பொட்டலம் நகர்த்தும் இயந்திரம் செய்கிறவள் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் புதுப் பீரங்கியை முதன்முதலாக வண்டியில் ஏற்றினார்கள். அதற்கு முன்பு கூடத்தின் பின்கட்டில், கான்கிரீட்டில் முடுக்கிய இரும்பு மேடையில் வைத்து ஐந்நூறு தோட்டா சுட்டுப் பார்த்தாயிற்று. ஒரு தடங்கலும் இல்லை. வண்டியில் ஏற்றிச் சுடுகளத்துக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்தாறு தோட்டா போயிற்று. முப்பத்தேழாவது மாட்டிக்கொண்டது.

எடுத்துத் துடைத்து மறுபடி சுட்டார்கள். நாற்பத்தொன்றில் நின்றது. மூன்றாம் முறை முப்பத்தேழிலேயே.

"மேடையில ஓடுது, வண்டியில ஓடலன்னா என்னம்மா அர்த்தம்?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். நல்ல மனிதர்தான். கவலை வந்தால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார்.

"தெரியல சார்" என்றாள் பட்டையம்மா.

"அதே பீரங்கி, அதே தோட்டா, அதே ஆளுங்க."

"அதான் சார் எனக்கும் புரியல."

அடுத்த ஏழு வாரம் அவளுக்குப் புத்தி பேதலிக்காத குறை. கோணத்தை அளந்தாள், சரியாக இருந்தது. தகரத்தின் வளைவை அளந்தாள், வரைபடத்தில் போட்டது போட்டபடி இருந்தது. மாட்டிய தோட்டாக்களை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் இடப்பக்கம் கீறல், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் கீறலே இல்லை. குற்றவாளி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வேஷத்தில் வந்துபோனான். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை தவறவிட்டாள். குளிக்கும்போது, எண்ணெய் தேய்த்தோமா இல்லையா என்று யோசித்து மறுபடியும் தேய்த்தாள்.

இதற்கு நடுவே நாத்தனார் வந்து நின்றாள். அவள் ஒரு பிஸ்கட் ஆலையில் மேற்பார்வையாளர்.

"அண்ணி, எங்க பெல்ட் ஒரு மாசமா மக்கர் பண்ணுது. வளைவுல பிஸ்கட் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நொறுங்குது. நீங்க ஒரு நடை வந்து பாத்தா போதும்."

"நான் அந்த மாதிரி பெல்ட் இல்லடி..."

"பெல்ட்னா பெல்ட்தானே? எல்லார்கிட்டயும் எங்க அண்ணி இதுல புலின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மறுத்தால் எந்த மாதிரி பெல்ட் என்று சொல்ல வேண்டிவரும். போனாள். வெண்ணெய் வாசனைக்கு நடுவே அரை நாள் நின்று பார்த்தாள். வளைவின் உள்பக்கம் மெதுவாகவும் வெளிப்பக்கம் வேகமாகவும் போவது தெரிந்தது. வளைவைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னாள். மறுவாரம் அங்கே பிஸ்கட் நொறுங்குவது நின்றது. நாத்தனார் ஒரு பெரிய டின் நிறையப் பிஸ்கட்டுடன் வந்து, ஊருக்கே கேட்கிறாற்போலப் புகழ்ந்துவிட்டுப் போனாள்.

பட்டையம்மாவுக்குப் பொறி தட்டியது. நம்ம வளைவும் குறுகலாக இருக்குமோ? மறுநாளே தகர வாய்க்காலின் வளைவை அகலமாக்கி வரைந்தாள்.

அதே வாரம், சுருள்வில் வேலை பார்க்கிறவர் (ஸ்பிரிங் அண்ணன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்) தன் பங்குக்குப் பட்டையை இழுக்கும் வில்லை மாற்றினார். பெட்டி செய்கிற பிரிவு தன் பங்குக்குப் பெட்டியின் உள்ளே ரப்பர் ஒட்டியது. படையிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாகத் தகவல். ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரமில்லை. மூன்றையும் ஒன்றாகப் பொருத்திக் களத்தில் நிறுத்தினார்கள்.

நானூறு தோட்டா. ஒன்றுகூட மாட்டவில்லை.

அதிகாரிகள் கை குலுக்கினார்கள். தலைமைப் பொறியாளர் பட்டையம்மாவை முன்னால் இழுத்து நிறுத்தி, "வளைவை மாத்துனது இவங்கதான்" என்றார். அவள் சிரித்து வைத்தாள். உள்ளே என்னவோ நெருடியது. மூன்று மருந்து ஒரே வேளையில் கொடுத்த நோயாளி எழுந்து நடக்கிறான், எந்த மருந்து வேலை செய்தது?

மறுநாள் கேட்டே விட்டாள். "சார், ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கலாமா?"

"ஓடிட்டு இருக்கிறத எதுக்கும்மா நோண்டணும்?"

"எதனால ஓடுதுன்னு தெரியாம டிராயிங்ல எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

"அதான் ஓடுதே!"

அவள் கையெழுத்துப் போடவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘இந்த வளைவுதான் காரணம் என்று உறுதியாகவில்லை’ என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அவரே வந்து, "மூணு காலை தர்றேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

முதல் நாள் காலை அகலமான வளைவைக் கழற்றிப் பழைய வளைவை மாட்டினார்கள். நூறு தோட்டா, தடங்கலில்லை. சரி, தன் வளைவு வெறும் அலங்காரம் என்று தெரிந்துகொண்டாள். கொஞ்சம் வலித்தது. இரண்டாம் நாள் வில்லையும் பழையதாக்கினார்கள். ஓடியது. ஸ்பிரிங் அண்ணன் முகம் சுண்டிப்போனது. மூன்றாம் நாள் ரப்பரையும் பிய்த்து எடுத்தார்கள். இப்போது எல்லாமே பழசு, ஏழு வாரம் அவளைப் பாடாய்ப் படுத்திய அதே பழசு.

நூற்றைம்பது தோட்டாவும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போயின.

ஸ்பிரிங் அண்ணன் மெல்ல, "அப்ப நாம என்னத்த சரி பண்ணோம்?" என்றார்.

பட்டையம்மாவுக்குத் தலை சுற்றியது. இல்லாத நோய்க்கா இத்தனை நாள் வைத்தியம் பார்த்தோம்? அந்த முப்பத்தேழு நிஜமாகவே மாட்டியதா, இல்லை தான்தான் கனவு கண்டாளா? மேசை மேல் கீறல் விழுந்த தோட்டாக்கள் இருப்பதை நினைத்துப் பார்த்துத்தான் கொஞ்சம் தைரியம் வந்தது.

சுடுகளத்தில் பீரங்கியை இயக்குகிறவர் முன்பு படையில் இருந்தவர். இருபது வருடச் சத்தத்தில் முக்கால் காது போய்விட்டது. ‘இடி’ என்று கூப்பிடுவார்கள், அதுவும் அவருக்குக் கேட்காது. அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, காலைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று அவள் கத்தினாள்.

"சாதமா? இன்னும் சாப்பிடல."

"வித்தியாசம்! வித்தியாசம்!"

"ஓ... அதுவா. கால் கூசலம்மா."

"என்னது?"

"எனக்குக் காது இல்லல்ல, கால்ல தெரியும். முன்ன எல்லாம் வண்டிக்குள்ள நின்னா உள்ளங்கால் கூசிக்கிட்டே இருக்கும். இப்ப ஒரு வாரமா ஒண்ணுமே இல்ல. மரத்துப்போச்சோன்னு நேத்து டாக்டர்கிட்ட போகலாம்னுகூட நெனச்சேன்."

பட்டையம்மா வண்டியைப் பார்த்தாள். வண்டியின் புகைக்குழாயைப் பார்த்தாள். புகை இல்லை.

"எஞ்சினை எப்ப நிறுத்தினீங்க?" என்று அவர் காதருகே போய்க் கத்தினாள்.

"அந்த ஆபீசருங்க வந்தன்னிக்கு. சார் வெளக்கம் சொல்றது கேக்கலேன்னு நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் யாரும் போடச் சொல்லல. நானும் போடல."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எஞ்சினைப் போடுங்க" என்றார்.

எஞ்சின் உறுமியது. முப்பத்தொன்பதில் மாட்டியது. புது வளைவு, புது வில், ரப்பர் மூன்றையும் திரும்பப் பொருத்திப் பார்த்தார்கள். எண்பத்தெட்டில் மாட்டியது. அதிகாரிகள் கை குலுக்கிவிட்டுப் போன நானூறும், எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்ததால் ஓடிய நானூறு.

"இத அவங்ககிட்ட சொல்லணும் சார்" என்றாள் பட்டையம்மா.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியல சார். சொல்லலன்னா என்ன ஆகும்னு தெரியும். வண்டிக்குள்ள மூணு பேர் உக்காந்திருப்பாங்க, எஞ்சின் ஓடிட்டு இருக்கும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தானே கடிதம் எழுதினார், தன் பெயரிலேயே. பதிலுக்கு வந்த வசவும் அவர் பெயருக்கே வந்தது. திட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போயிற்று. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்துக் கூடத்துக்காரருக்குப் போனது.

காரணம் என்று பார்த்தால் கடைசியில் சின்னதுதான். பெட்டிக்குள் பட்டையை மடித்து மடித்து அடுக்குவார்கள். எஞ்சின் அதிர அதிர அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிப் பின்னிக்கொண்டன. மேலடுக்கு தீர்ந்து கீழடுக்கு கிளம்பும் இடம், ஏறக்குறைய முப்பத்தேழு. அடுக்குக்கு அடுக்கு ஒரு தட்டு வைத்து, மேலடுக்கு போனதும் அது தானாக விலகிக்கொள்ளும்படி பட்டையம்மா வரைந்தாள். எஞ்சின் ஓட ஓட, மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, ஆயிரத்து இருநூறு சுட்டார்கள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. பிறகு அந்தத் தட்டுகளைக் கழற்றிச் சுடச் சொன்னாள். பழையபடியே மாட்டியது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பீரங்கி மாட்டியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்தக் கூடத்தில் அவள்தான் என்று ஸ்பிரிங் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பீரங்கியைப் படை ஏற்றுக்கொண்ட அன்று, தலைமைப் பொறியாளர், "இலக்கைப் பாக்கப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் களத்தின் அந்தக் கோடிக்குப் போனதே இல்லை. அவள் வேலை பீரங்கியின் வயிற்றோடு முடிந்துவிடும். குழலின் நுனிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது வேறு பிரிவு.

ஜீப்பில் போனார்கள். ஒரு மைல் தள்ளி, மண்மேட்டுக்கு முன்னால் கனமான இரும்புப் பலகை ஒன்று நட்டிருந்தது. அதில் அறுபது, எழுபது ஓட்டைகள். ஒவ்வொன்றும் அவள் மணிக்கட்டு நுழையும் அளவு. எல்லாம் ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்குள் நெருக்கமாக விழுந்திருந்தன.

"எப்படி? ஒண்ணுகூட விலகல பாருங்க" என்றார் அவர்.

"ஆமா சார்" என்றாள்.

நல்ல வேலை என்று கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் பழகிய கண் அது, தப்பாகச் சொல்லாது. ஆனால் நெஞ்சில் வந்தது சந்தோஷமா, வேறேதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஓர் ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். இரும்பு பூப்போலப் பின்னால் விரிந்திருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல சார். அளந்து பாத்துட்டிருந்தேன்."

"எவ்வளவு?"

அவளுக்கு எண் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பலகையின் பின்பக்கம் போனாள். அங்கிருந்து பார்த்தால் ஓட்டைகள் வழியே, தூரத்தில், பீரங்கி ஏற்றிய வண்டி மிகச் சிறியதாகத் தெரிந்தது. ஜீப்பை ஓட்டி வந்தவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மூன்றாம் முறை அடித்த பிறகுதான் அவள் வந்து ஏறிக்கொண்டாள்.