முழங்கால் உயரத் துஜா

“...பூனை ஒளியலாம் சார், கோழி ஒளியலாம். கல்லெடுத்து எறியற அளவுக்கு வளந்த ஆளு இதுக்குப் பின்னால எப்டி சார் ஒளிவான்?” என்று காதர் பாய் அந்தப் போலீஸ் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நான் அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன்.

பாய் வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு செடிகள். இடப்பக்கத்துச் செடி ஏற்கெனவே வெட்டுப்பட்டு, வெறும் குச்சிகளாக நின்றது. வலப்பக்கத்துச் செடிக்கு முன்னால் ஒரு கூலியாள் அரிவாளோடு நின்றான். இரண்டும் நான் கொடுத்தவை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது.

நான் கள்ளக்குறிச்சியில் நர்சரி வைத்திருந்தவன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை; செத்த செடிகள் சொல்லிக்கொடுத்ததுதான் என் படிப்பு. என் நர்சரியில் ரோஜாவும் குரோட்டன்ஸும் ஓடும். ஆனால் என் மனசு கட்டை துஜாவில்தான். ஊசியிலை ஜாதி. வருஷம் முழுக்கப் பச்சை, நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பூத்த மாதிரி இருக்கும். குண்டாக, கட்டையாக நிற்கும். வருஷத்துக்கு இரண்டு விரல் வளர்ந்தால் அதிகம். அதனால்தான் சின்ன வாசலுக்கு அதைவிடத் தோதான செடி இல்லை.

கிளைநுனியை வெட்டி நட்டுக் கட்டிங் வைப்பது மட்டும் மலைமேல், வெள்ளிமலையில். அங்கே ஒரு சிநேகிதர் தன் சாமைக் கொல்லை ஓரத்தில் எனக்கு நிழலான இடம் கொடுத்திருந்தார். வேர் பிடித்ததும் ஜீப்பில் கீழே இறக்குவேன். இறக்கியவுடன் வெயிலில் வைத்தால் தீய்ந்துவிடும். ஓலைப் பந்தலுக்கடியில் வைத்து, ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் கீழ்நாட்டு வெயிலுக்குப் பழக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகியது தெரியவும் தெரியாது. வேர் செத்த பிறகும் செடி சில வாரம் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

காதர் பாய்க்கு பஜாரில் துணிக்கடை. செடி வாங்க வந்த முதல் நாளே இலையைக் கசக்கி மோந்து பார்த்து, “சாயம் போவாத சரக்குன்னு சொல்லு” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ரம்ஜான் அன்றும் தொழுகை முடித்து வந்ததும், புதுச் சட்டையோடு குனிந்து, கடை டேப்பால் இரண்டு செடிகளையும் அளப்பார். எனக்குப் பிரியாணி தூக்கு வரும்போதே அளவும் வந்துவிடும். ஒரு வருஷம், “சோம்பேறிப் பசங்க, ஒரே இன்ச்சுதான்” என்று சொல்லி அனுப்பினார். பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வது போலத்தான் சொல்வார்.

அப்போது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. என் தம்பியும் ரோட்டில் போய் உட்கார்ந்தவன்தான். ஆனால் ரோட்டோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்களே, அதை என்னால் அன்றைக்கும் தாங்க முடியவில்லை. தம்பியோடு சண்டை போட்டேன். “உனுக்கு மனுசன விட மரம்தான் ஜாஸ்தியா?” என்று கேட்டான். “மரம் இன்னாடா பண்ணுச்சு ஒன்ன?” என்றேன்.

அந்தப் பக்கம் அப்படி என்றால், இந்தப் பக்கம் பந்தோபஸ்து. பஸ் மேல் எவனோ வேலிக்காத்தான் புதருக்குள்ளிருந்து கல்லெறிந்துவிட்டானாம். அதனால் ரோட்டோரம் ஆள் மறைகிற புதரையெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு. வேலிக்காத்தானை வெட்டட்டும், யார் வேண்டாம் என்றது? வெளியூரிலிருந்து வந்த அந்த அதிகாரிக்குப் புதர் என்றால் எல்லாம் புதர்தான். முழங்கால் உயரத் துஜாவும் ஆளை மறைக்கிற புதராகிவிட்டது.

“வெட்டுனா தழைச்சுக்கப் போகுது. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா, பாய்?” என்றார் அதிகாரி.

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவர் மட்டுமா சொல்கிறார்? நம் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். வேம்பை வெட்டினால் தழைக்கும், பூவரசை வெட்டி நட்டால் அதுவும் தழைக்கும், கிளுவையை ஒடித்து வேலியில் சொருகினால்கூடத் தழைக்கும். அதைப் பார்த்தே வளர்ந்த கை எந்தச் செடியையும் யோசிக்காமல் வெட்டும். துஜா அப்படி இல்லை. அதற்கு உயிர் வெளிப்பச்சையில். உள்ளே பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி ஒரு இலை வராது. இப்போது நர்சரி வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: துஜாவிடம் கத்திரியை எடுப்பதற்கு முன்னால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். பச்சை முடிகிற இடத்துக்கு முன்னாலேயே கத்திரி நின்றுவிட வேண்டும்.

அன்றைக்கு அதிகாரியிடமும் சொன்னேன். இடப்பக்கத்தில் வெட்டியது இனிமேல் வராது, இதையாவது விட்டுவிடுங்கள் என்றேன்.

“நீ யாரு?”

“செடி குடுத்தவன் சார்.”

“அப்ப இன்னொண்ணு குடு.”

பாய் அதை எத்தனை ரம்ஜானுக்கு அளந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதிகாரி கூலியாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அரிவாள் உயர்ந்தது.

பாய் கத்தவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். கூலியாளிடம், “தம்பி, கொஞ்சம் தள்ளிக்க” என்றார். இஸ்திரி போட்ட லுங்கியைச் சுருட்டிக்கொண்டு, மூட்டு வலியோடு, செடிக்குப் பின்னால் மெதுவாகக் குந்தினார். செடிக்கு மேலே அவர் நெஞ்சும் தாடியும் தொப்பியும் தெருவுக்கே தெரிந்தன.

“ஒளிஞ்சிக்கினேன் சார்,” என்றார். “தேடுங்க.”

அரிவாள் வைத்திருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. எதிர்க் கடை வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி பாயைப் பார்த்தார், எதிர்க் கடையைப் பார்த்தார், பிறகு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பும் வரைக்கும் காதர் பாய் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் அந்தச் செடியை அணைத்துப் பிடித்தபடி, அங்கேயே ஒளிந்துகொண்டிருந்தார்.