வேன் திரும்பாத தெரு

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மச்சினன் போன் செய்தான். "மாமா, காலைல எட்டு மணிக்குக் காஞ்சிபுரம் வந்தா பன்னண்டுக்குள்ள என்னென்ன பாக்கலாம்? ஒரு ரூட் போட்டுக் குடுங்க." எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! மூணு கோயிலைப் பாரு, கோயில் இட்லியைத் தின்னு, ஒரு புடவையை வாங்கு, நடை சாத்தினதும் வண்டியைத் திருப்பு என்று பொரிந்து தள்ளிவிட்டு போனை வைத்தேன். "என் தம்பிகிட்ட ஏன் இப்படி வள்ளுனு விழறீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். பாவம், அவனுக்கு என்ன தெரியும், ரூட் போட்டதால் நான் பட்ட பாடு?

அதுதான் என் முதல் வேலை. ஊருக்கு வெளியே கிடக்கும் பழைய கோயில்களையும் தறி ஓடும் கிராமங்களையும் கோத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நாள் வழித்தடம் தயாரிக்கும் திட்டத்தில் உதவியாளன். உதவியாளன் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். பைக்கில் போய், எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று எழுதிவர வேண்டும். நான் என்னவோ நாட்டையே அளப்பவன் போலக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தேன். பூட்டிக் கிடக்கும் கருவறையிலிருந்து வரும் வௌவால் நாற்றத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது முதல் சம்பளத்தின் வாசனை.

அந்த வாசனை நிறைய இருந்த இடம், கூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டி ஒரே ஒரு தெரு, வீட்டுக்கு வீடு தறி. மூன்றாவது வீட்டு கோமதி அக்கா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "இன்னா தம்பி, நாலு நாளா தெருவையே அளந்துக்கினு இருக்க? மோர் குடிக்கிறியா?"

நான் மோரைக் குடித்துவிட்டுப் பல்லவர், கல்வெட்டு, பாரம்பரியம் என்று கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி. பஸ் வருமா?" என்றார்.

அவர் மகள் செல்வி ஏனாத்தூரில் காலேஜ் முதல் வருஷம். மெயின் ரோடிலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். "பொழுது சாஞ்சிட்டா அங்க ஆள் நடமாட்டமே இருக்காது. இப்பிடியே போனா காலேஜ நிறுத்திடுவேன்னு அவரு சொல்லிக்கினு இருக்காரு" என்றார். வழித்தடத்தில் ஊர் சேர்ந்தால் ரோடு அகலமாகும், ரோடு வந்தால் பஸ் வரும் என்று திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. நான் அதை வேதவாக்காக நம்பினேன். "கண்டிப்பா வரும்க்கா" என்றேன்.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார் மேலதிகாரி. "நிறைஞ்ச அமாவாசை, நல்ல நாள்" என்றார். நானும் தலையாட்டினேன். இத்தனைக்கும் நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அமாவாசையன்று எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிழல், நிமிடம், கழிப்பறை எல்லாவற்றையும் எழுதியவன் அதைக் கோட்டை விட்டேன்.

வேனில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். தெருவே கப்சிப். வீட்டுக்கு வீடு தலைக்குக் குளித்துப் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா தறி சத்தம்?" என்றார் அதிகாரி.

"அமாவாசைக்கு உக்கார மாட்டோம் சார். நாளைக்கு வாங்க, விடியக்காலைலயே தெரு முழுக்க சத்தம் கேக்கும்" என்றார் கோமதி அக்கா.

"நாளைக்கு எப்படிம்மா வரமுடியும்? சும்மா ரெண்டு நிமிஷம், ஃபோட்டோவுக்கு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உக்காருக்கா. பஸ் வரணும்ல" என்றேன்.

ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டு போய் உட்கார்ந்தார். தறியில் நூல் கோத்த நாடா நாலு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. படையலுக்கு வாழை இலையோடு வந்த அவர் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார். இலையை நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. 'தெரு குறுகல், வேன் திரும்ப வசதியில்லை' என்று ஊரையே நீக்கிவிட்டார்கள். ரோடு இல்லாததால் வழித்தடம் கிடையாதாம். வழித்தடம் இல்லாததால் ரோடும் கிடையாதாம். இதைக் கேட்டு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? அந்த ஊருக்கென்று நான் ஒதுக்கியிருந்த முக்கால் மணி நேரம் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றுக்குப் போய்விட்டது. கோமதி அக்காவின் படம் மட்டும் விளம்பர அட்டையில் பளபளவென்று வந்தது. அவர் ஊருக்குப் போகாத வழித்தடத்துக்கு அவர் முகம்.

நேரில் போய்ச் சொன்னேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிங்க சார்" என்றார்.

செல்வி இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டாள். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் அந்தத் தெருவுக்குள்ளேயே வந்து, ஜோராகத் திரும்பி, அவளை ஏற்றிக்கொண்டு போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் செவிலிமேடு பஸ்ஸில் கோமதி அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் இடம் இருந்தது. "உக்காருங்க சார், நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று முறையாக விசாரித்தார். நான் இறங்கும்வரை ஏதேதோ பேசினோம், பஸ்ஸைப் பற்றித் தவிர. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டுவதென்றால் மறுபடி ஒரு தடவையாவது 'தம்பி' என்று கூப்பிட்டிருப்பார்.