உண்ண மறுத்த இருவர்: கல்முனையிலிருந்து புத்தங்கலை வரை

காலை ஏழு மணிக்குக் கல்முனைச் சந்தைக்கு முன்னாலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. ஏழே முக்காலுக்கும் கார் நின்ற இடத்திலேயே நின்றது. காரணம் சாப்பாடு. நெய்ச்சோற்றுச் சட்டி, கோழிக்கறிச் சட்டி, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய சஹன் தட்டு, இரண்டு குலை வாழைப்பழம், தயிர் முட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டிய ஒரு வட்டிலப்பச் சட்டி. இவ்வளவும் ஓர் ஒஸ்டின் காரின் பின்பெட்டியில் ஏற வேண்டும். ஏறவில்லை. கடைசியில் தயிர் முட்டி என் மடியில் வந்து அமர்ந்தது.

"ஆக்கள் நாலு பேரு. சாமான் நாப்பது பேருக்கு," என்றான் சாரதி தங்கராசா. "ஹாஜியார், இது காரா, கலியாண வண்டிலா?"

"வாயப் பொத்திக்கிட்டு ஓட்டு," என்றார் ஹாஜியார். அவர் முகம் ஏனோ சிவந்தது.

ஏன் என்பது காரைதீவைத் தாண்டுமுன் எனக்கு விளங்கிவிட்டது. அவரது புடைவைக் கடையின் மேல்மாடி அறையில் ஒரு மாதமாக வாடகைக்கு இருந்தேன். பத்திரிகைக்கு நெல் அறுவடை பற்றி எழுத வந்தவன். எழுபத்தொன்பதாம் ஆண்டு, பெரும்போக வெள்ளாமை அறுத்து முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. "குளம் பாக்கப் போறம், காடு பாக்கப் போறம், புத்தர் பன்சலையும் பாக்கலாம், வாங்க தம்பி" என்று முதல் நாள் இரவு அழைத்தபோது, குளத்திலும் காட்டிலும் அவருக்கு இப்படி ஓர் ஈடுபாடு இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. இருக்கவுமில்லை. முன்னாசனத்தில் குடையை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மெலிந்த மனிதர்தான் பயணத்தின் நோக்கம்.

அவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருடைய மகன் அம்பாறை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். ஹாஜியாருக்கு ஒரு மகள். இந்தக் கரையோர ஊர்களில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவார். வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் தகப்பன். ஆகவே மாப்பிள்ளை தேடி அலைவதும் அவரே. ஹாஜியார் வீட்டைக் கட்டி ஓடும் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் சொல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து இன்னொரு தகப்பன் அதே பையனைக் கேட்டு வருகிறாராம். ஆகவே இந்த ஒரு பகலுக்குள் தபாலதிபரின் வாயிலிருந்து சம்மதம் வரவேண்டும்.

சம்மாந்துறையைத் தாண்டியதும் இரு பக்கமும் வயல். அறுத்த தாள்களுக்கிடையில் எருமைகள், எருமைகளின் மேல் கொக்குகள். தூரத்தில் வீரமுனைக் கோயிலின் கோபுரம்.

"காக்கா, அந்த வரம்பிலிருந்து இந்த வரம்பு வரைக்கும் நம்மட," என்றார் ஹாஜியார், பின்னாசனத்திலிருந்து முன்னே குனிந்து, தபாலதிபரை அண்ணன் முறை வைத்து.

தபாலதிபர் அந்த வரம்பைப் பார்த்தார். இந்த வரம்பையும் பார்த்தார்.

"தண்ணி வருமா?"

"மாஷா அல்லாஹ், வரும்."

"எல்லாப் போகமுமா?"

ஹாஜியார் பின்னாசனத்தில் சாய்ந்துகொண்டார். "பெரும்போகத்துக்கு வரும்," என்றார் மெதுவாக.

கல்முனையிலிருந்து அம்பாறை சுமார் பதினாறு மைல். நகரத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். தபாலதிபர் தன் தேநீருக்குத் தானே காசு கொடுத்தார். ஹாஜியாரின் கை சட்டைப் பைக்குள் போகுமுன் அவருடைய சில்லறை மேசையில் கிடந்தது. பழைய உத்தியோகத்தரின் வேகம் அது. கார் வாடகையான நூற்றைம்பது ரூபாயிலும் தன் பங்கை எடுக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததாகத் தங்கராசா பிறகு சொன்னான்.

கொண்டவட்டுவான் குளக்கட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நின்றோம். தாமரை, நீர்க்காகம், துணி துவைக்கும் பெண்கள். "அழகான குளம்," என்றார் ஹாஜியார், குளத்துக்கு முதுகு காட்டித் தபாலதிபரின் முகத்தைப் பார்த்தபடி.

பகல் பதினொன்றரைக்கு இங்கினியாகலை. அம்பாறையிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மைல். சேனநாயக்க சமுத்திரம் என்ற பெயர் மிகையில்லை. அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தால் மறுகரை மலைகளின் அடிவாரத்தில் எங்கோ கரைந்துவிடுகிறது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் அமிழ்ந்த காட்டின் மரங்கள் இன்னும் வெள்ளை எலும்புகளாக நிற்கின்றன. ஒவ்வொரு உச்சியிலும் ஒரு பறவை. காற்று குளிர்ந்திருந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே கல்முனையிலிருந்து வரலாம் என்று நான் சொன்னேன். ஹாஜியார் மருத மர நிழலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

லுஹர் தொழுகை முடிந்தது. சஹன் நடுவில் வைக்கப்பட்டது. நெய்ச்சோறு மலையாக ஏறியது, அதன் உச்சியில் கோழி. ஹாஜியார், நான், தங்கராசா மூவரும் சுற்றி அமர்ந்தோம். தபாலதிபரும் அமர்ந்தார். அமர்ந்து, தன் துணிப்பையிலிருந்து கடதாசியில் சுற்றிய இரண்டு பேக்கரிப் பணிஸும் ஒரு வாழைப்பழமும் எடுத்தார்.

"என்ன காக்கா இது?"

"எனக்கு வகுத்துல கொஞ்சம் சரியில்ல."

"பொய்," என்றான் தங்கராசா என் காதுக்குள். "சோத்தைத் தின்டா சொல்லுக் குடுத்த மாதிரி ஆயிரும் எண்டு பயம். மனிசன் விடிய வெள்ளாப்புல என்னட்டயே கேட்டவரு, போற வழியில பேக்கரி இரிக்கா எண்டு."

மெதுவாகத்தான் சொன்னான். தபாலதிபரின் காது அதைவிடக் கூர்மையானது.

"ஓம்," என்றார் அவர், மறைக்காமல். "இண்டைக்கு உங்கட சஹன்ல கை வெச்சா நாளைக்கு ஊரு முழுக்கக் கதை. மறுகா அக்கரப்பத்து ஆக்களுக்கு நான் என்னெண்டு செல்ற? ரெண்டு பக்கமும் கேட்டுப் போட்டுத்தான் முடிவு. அதுவரைக்கும் ஒருத்தர்ட உப்பும் வாணாம்."

நியாயமான பேச்சு. ஹாஜியார் வெறுமனே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தன்னுடைய வாசலுக்கு வந்த எவரையும் உண்ணாமல் அனுப்பாதவர் என்று கடைத்தெருவில் பெயர் எடுத்த மனிதர். வாடகை வாங்கப் படியேறி வரும்போதும் கையில் ஒரு தட்டுப் பலகாரத்தோடு வருபவர்.

தபாலதிபர் முதல் பணிஸை வாய்க்குக் கொண்டுபோனபோது மருத மரத்திலிருந்து குரங்கொன்று இறங்கியது. அவசரப்படாமல் வந்து, கடதாசியோடு மற்றப் பணிஸை எடுத்தது. அவர் குடையை ஓங்கினார். ஓங்கிய கையில் இருந்த பணிஸ் கீழே விழ, இரண்டாவது குரங்கு அதை எடுத்தது. வாழைப்பழம் எப்போது போனது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"காக்கா, இப்பவாவது..." என்று ஹாஜியார் தொடங்கினார்.

"பசியில்ல," என்றார் தபாலதிபர், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

மாலை மூன்றரைக்குப் புத்தங்கலை. அம்பாறைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து வடகிழக்கே நான்கைந்து மைல் காட்டுப் பாதை. சிவப்பு மண்ணில் யானை இலத்தி காயாமல் கிடந்தது. அதைக் கண்டதும் தங்கராசாவின் பேச்சு குறைந்துவிட்டது. பெரும் பாறையொன்றின் அடியிலும் மேலுமாக அமைந்த வனவிகாரை. இடிந்த தூண்கள், குகைக்கு முன்னால் பெருக்கிய மணல் முற்றம், வயதான பிக்கு ஒருவர். சருகு விழுந்தால் கேட்கும் அமைதி.

ஹாஜியாருக்கு முழங்கால் வலி, கீழேயே இருந்துவிட்டார். நானும் தபாலதிபரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினோம். உச்சியில் தாதுகோபத் தூபியைச் சுற்றி வந்தால் கிழக்கே காட்டுக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் கடலின் நீலக்கோடு. எங்கள் ஊர்கள் எல்லாம் அந்தத் தென்னை வரிசைக்குள் இருந்தன.

"பொண்ண நான் பாத்தன், நல்ல புள்ள," என்றார் தபாலதிபர் திடீரென்று. "ஹாஜியாரும் நல்லவரு. ஆனா பாருங்க, என்ட மகன் இனி அந்த ஊட்டுலதானே இருக்கப்போறான். நான் போய் நிண்டு பாக்கேலாது. கலியாணத்துக்கு முந்தி எல்லாரும்தான் நெய்ச்சோறு போடுவாங்க. மாப்புள்ள கேட்டு வாற ஆள்ற சோத்துல இருந்து என்னத்தத் தெரியிற?"

அவர் வயிறு பலமாக ஒலித்தது. இருவரும் கடலைப் பார்த்தோம்.

நாங்கள் இறங்கி வரும்போது ஐந்தே கால். முற்றத்தில் விசித்திரமான காட்சி. பிக்கு ஒரு கல்லில் அமர்ந்திருந்தார். எதிரே மணலில் ஹாஜியார். நடுவே வட்டிலப்பச் சட்டி, வாழைக்குலை, கழுவிய கோப்பையில் தண்ணீர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரமாக அப்படியே இருந்த புன்னகைகள் என்று பார்த்தாலே தெரிந்தது.

பிக்கு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "உங்கள் முதலாளிக்கு யானை பார்ப்பதில் அவ்வளவு விருப்பமா? ஒரு மணித்தியாலமாகச் சூரியனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். இருட்டும் நேரத்தில் யானைகள் அந்தப் பக்கம் தண்ணீருக்கு வரும். கார் நிற்கும் பக்கம்."

தங்கராசாவுக்குச் சிங்களம் தெரியும். அவன் எழுந்து போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் அமர்ந்துகொண்டான்.

"ஹாஜியார், என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"கத்தாதீங்க தம்பி. ஹாமதுரு நோன்பு," என்றார் அவர் பிக்குவைக் காட்டித் தாழ்ந்த குரலில். "சாப்புடுங்க எண்டு அரைகுறைச் சிங்களத்துல கேட்டன். பகலுக்குப் பிறகு சாப்புடுறல்ல எண்டாரு. விளங்கிற்று. மஃரிபுக்கு இன்னம் ஒரு மணித்தியாலம். நோன்பாளிக்கு நோன்பு தொறக்கக் குடுக்கிற நன்மை லேசா? அதான் இருக்கன்."

கொழும்பிலிருந்து அனுப்பும்போது பத்திரிகை ஆசிரியர் என்னை எச்சரித்த பல சங்கடங்களில் இது இல்லை. நான் விளக்கினேன். பிக்குகள் பொழுது சாய்ந்தும் உண்பதில்லை. நடுப்பகலிலிருந்து மறுநாள் விடியும் வரை.

ஹாஜியார் என்னை நம்பவில்லை. "ராவைக்குமா?"

"இரவுக்கும்."

"இண்டைக்கு மட்டுமா?"

"ஒவ்வொரு நாளும்."

"வருசம் முழுக்கவா?" அவர் பிக்குவைப் பார்த்த பார்வையில் மரியாதையும் திகிலும் கலந்திருந்தன. "அப்ப பெருநாள் எப்ப?"

நான் இதை மொழிபெயர்த்தேன். பிக்கு சிரித்தார். பால் விடாத தேநீர் குடிப்பேன் என்றார். நாளைக் காலையில் கொண்டுவந்தால் சந்தோஷமாக உண்பேன் என்றும் சொன்னார். ஆனால் வட்டிலப்பம் நாளைக் காலை வரை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாஜியார் சட்டியைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

"ஒரே நாளையில ரெண்டு பேரு," என்றார், தனக்குத்தானே.

சூரியன் பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கப் பிக்கு தண்ணீர் காட்டினார். மணலில் ஹாஜியாரும் தபாலதிபரும் மஃரிப் தொழுதார்கள். தொழுது முடிந்து எழும்போது தபாலதிபர் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு நேரே சட்டியிடம் போய் அமர்ந்தார்.

"ஹாஜியார், இது ஆருக்குக் கொண்டந்த?"

"ஊட்டுல உங்களுக்கெண்டுதான் செஞ்ச காக்கா. பகல் நீங்க தொடல்ல. பொறகு ஹாமதுருவுக்கெண்டு மனசுல நிய்யத்து வெச்சன்."

"அப்ப விலாசம் மாறிற்று," என்றார் தபாலதிபர். முப்பது வருடத் தபால் கந்தோர்க் குரல் அது. "இப்ப இது ஹாமதுருட பார்சல். அவர் ஏற்கல. அனுப்பின ஆளும் திருப்பி எடுக்கல. பழுதாப் போற சாமானெண்டா கந்தோர்லயே முடிச்சிர்றதுதான் சட்டம். இதுல உங்கட உப்பு ஒண்டும் இல்ல. சரியா?"

"சரி காக்கா," என்றார் ஹாஜியார் மிக வேகமாக.

கரண்டி காரில் இருந்தது. அதற்குத் தபாலதிபர் காத்திருக்கவில்லை. வட்டிலப்பத்தைக் கையால் வெட்டி உண்டார். முதல் துண்டைக் கண்மூடி உண்டார், இரண்டாவதைக் கண் திறந்து. அதற்குப் பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஹாஜியார் எதிரே குந்தியிருந்து தேர்தல் முடிவு கேட்பவரைப் போல அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் நடுப்பகலிலிருந்து பசி இருந்திருக்கும்.

"ஆரு செஞ்ச?"

"மகள்."

"ஏலக்கா கொஞ்சம் கூட," என்றார் தபாலதிபர். கையைக் கழுவிவிட்டுக் காரில் போய் ஏறினார்.

திரும்பும் வழியில் யானை எதுவும் வரவில்லை. தங்கராசா மட்டும் காட்டுப் பாதை முழுவதும் முருகனை வேலைக்கு வைத்திருந்தான். சம்மாந்துறை வயல்களைக் கடக்கும்போது ஹாஜியார் என் பக்கம் சாய்ந்து, "ஏலம் கூடினா குத்தமா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். என் ஊர் மாத்தளை. அங்கே பெண்ணின் தகப்பன் கதிரையில் சாய்ந்து, மாப்பிள்ளை வீட்டார் வரும் வரை பத்திரிகை வாசிப்பார். நல்லது கெட்டது எல்லாம் அவர் வாசலுக்கு வந்து சேரும். இங்கே அவர் சோற்றுச் சட்டிகளோடு குளம், காடு, மலை எல்லாம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்த் தகப்பன்மார் மகள் சமைத்ததில் எவ்வளவு ஏலம் என்று கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

சாய்ந்தமருதில் தபாலதிபரின் வளவு வாசலில் கார் நின்றது. அவர் இறங்கினார். ஹாஜியாரும் இறங்கி முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபாலதிபர் குடையைத் தட்டிப் புழுதி போக்கினார். படலையைத் திறந்தார். திறந்துவிட்டுத் திரும்பினார்.

"புது ஊட்டுல குசினி எந்தப் பக்கம்?"

"மேக்கால காக்கா."

"நல்லம்," என்றார் அவர். "கடல்காத்துக்குப் புகை உள்ளுக்கு வராது. மகனுக்குப் புகை ஒத்துக்காது." பிறகு படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஹாஜியார் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். தங்கராசா இரண்டு தடவை ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான்.