பாண்டியம்மா அக்காவைக் கட்டி அழாத நாள்

மாசி, பங்குனி வந்தா விரல் நுனியெல்லாம் எரியும். புளி தட்டுற வேலை அப்படி. நகக்கண்ணுல புளி ஏறிருச்சுன்னா, மத்தியானம் சோத்துல கை வைக்கிறப்ப சுரீர்னு இருக்கும்...

தொண்ணூறுகளோட கடைசி. எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். பதினஞ்சு வயசுல நத்தத்துல ஒரு புளிக் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க வட்டமா உக்காந்து புளியைத் தட்டி, கொட்டையை எடுத்துப் போடணும்.

நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். பேர் கேட்டாக்கூட தலையைக் குனிஞ்சுக்குவேன். பக்கத்துல உக்கார்ற பாண்டியம்மா அக்காதான் எனக்கும் சேத்துப் பேசும். "ஏ புள்ள, வாயிலயும் புளியவா அடச்சு வச்சிருக்க?"ன்னு கேட்டு, என்னைச் சிரிக்க வச்சிட்டுத்தான் விடும். அக்கா வீட்டுக்காரர் லாரி டிரைவர். பம்பாய் லைன். மாசத்துக்கு ஒருக்கா வருவார்.

ஒருநாள் கொட்டகைக்கு ஒரு நர்சம்மா வந்தாங்க. கையில பெரிய பெரிய படம் போட்ட அட்டை. எய்ட்ஸ்னு அந்தப் பேரைச் சொன்னதுமே பாதிப் பேர் முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. ஆணுறை படத்தைக் காட்டினப்போ ஒரே சிரிப்பு. கருப்பாயி பெரியம்மா மட்டும் சிரிக்காம கேட்டுச்சு... "எங்க வீட்டு ஆம்பளைக்கு இருக்கிறது ஒரே சீக்குதான் தாயி, சோம்பேறித்தனம். அதுக்கு ஏதாச்சும் படம் வச்சிருக்கியா?"

அந்த நர்சம்மாவாலயே சிரிப்பை அடக்க முடியல.

போறப்ப ஒரு நோட்டீஸைக் குடுத்து, படிக்கத் தெரிஞ்சவங்க மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அங்க எழுத்துக் கூட்டாமப் படிக்கிறவ நான் ஒருத்திதான். ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். யார் காதுல விழுந்துச்சோ தெரியல.

மறுநாள் எல்லாரும் அதை மறந்துட்டாங்க.

பாண்டியம்மா அக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்துல என்னைக் கொட்டகைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய், மறுபடி படிக்கச் சொல்லுச்சு. தொட்டா வராது, சேந்து உக்காந்து சாப்பிட்டா வராது, கட்டிப்பிடிச்சா வராது...

"அந்த எடத்த இன்னொருக்கா படி."

படிச்சேன்.

"நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கா?"

"ஆமாக்கா."

நாலஞ்சு நாள் இதே மாதிரி. அக்காவுக்கு மனப்பாடம் பண்ண ஆசை போலன்னு நினைச்சேன். வேற எதுவும் எனக்குத் தோணல.

சித்திரையில அக்கா வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கி வந்தவர், திரும்பப் போகவே இல்ல. ஆளு குச்சியா இளைச்சிட்டார். டிபின்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. அக்காவும் வேலைக்கு வர்றதை நிறுத்திருச்சு. ஆடி மாசம் மதுரையில ஆஸ்பத்திரியிலயே இறந்துட்டார். உடம்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே, என்ன சீக்குங்கிறது ஊருக்கு வந்து சேந்துருச்சு.

எங்க பக்கம் சாவு வீடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். வர்ற பொம்பளைங்க தெரு முனையிலயே அழுதுக்கிட்டு வந்து, நேரா புருசனைப் பறிகுடுத்தவளைத்தான் கட்டிப்பிடிப்பாங்க. தோளோட தோள் சேத்து வட்டமா உக்காந்து அழுவாங்க. ஆகாதவங்களா இருந்தாலும் அன்னைக்குக் கட்டி அழாம இருக்க மாட்டாங்க.

அன்னைக்கும் எல்லாரும் வந்தாங்க. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழவும் செஞ்சாங்க. ஆனா பந்தலுக்கு வெளியிலயே நின்னுட்டாங்க.

பாண்டியம்மா அக்கா ரெண்டு கையையும் நீட்டுச்சு. கருப்பாயி பெரியம்மா பக்கமா... அப்புறம் சொந்த நாத்தனா பக்கமா... ஒருத்தரும் அசையல. கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் அக்கா பந்தக்காலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு.

அங்க இருந்தே என்னைப் பாத்துச்சு. என்னை மட்டும்.

எதுக்கு அந்த எடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுச்சுன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு.

என் கால் ஒரு எட்டு முன்னால போச்சு. அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "கல்யாணம் ஆக வேண்டிய புள்ள நீ. பேசாம நில்லு."

நின்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அதுதான் எனக்கு நல்லா வருமே.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அக்கா வடமதுரைப் பக்கம் பொறந்த வீட்டுக்குப் போயிருச்சு.

எட்டு வருசம் கழிச்சுத்தான் மறுபடி பாத்தேன். கல்யாணம் ஆகித் திண்டுக்கல்ல இருந்தேன். மகளுக்குக் காய்ச்சல்னு இடுப்புல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க வராண்டா பெஞ்சுல நாலு பேரை உக்கார வச்சு, மாத்திரையை நேரம் தவறாம போடணும், யாருக்கும் பயப்படாதீங்கன்னு ஒரு அம்மா பேசிக்கிட்டு இருக்காங்க... பாண்டியம்மா அக்கா. புருசன்கிட்ட இருந்து அக்காவுக்கும் வந்திருக்கு. மாத்திரையிலதான் ஓடுதுன்னு சாதாரணமா சொல்லுச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு. அதே சிரிப்பு.

நான் கிட்டப் போய்க் கையைப் பிடிக்கப் போனேன். அக்கா ரெண்டு எட்டு பின்னால நகந்து, கையைச் சேலைக்குள்ள மறைச்சுக்கிச்சு.

"வேணாம் புள்ள. யாராச்சும் பாத்தா உன்னையும் ஒரு மாதிரி பேசுவாக."

"அக்கா... அன்னைக்கு நான்..."

"விடு. நீ சின்னப் புள்ள, என்ன செய்வ?" அதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க. போயிருச்சு.

அப்புறம் பாக்கவே இல்ல. எங்க இருக்கோ, இருக்கோ இல்லையோ.

இப்ப காலம் எவ்வளவோ மாறிருச்சு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு நல்லா வாழ்றாங்க, புள்ள பெத்துக்கிறாங்க. நான் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் என் மக பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குப் படிக்கிறா. போன வாரம் சத்தமா படிச்சுக்கிட்டு இருந்தவ, என்னைப் பாத்து, "ஏம்மா, இது தொட்டா எல்லாம் வராதாம். உங்க காலத்துல இது யாருக்கும் தெரியாதுல்ல?"ன்னு கேட்டா.

எனக்கு அப்பவே தெரியும்டின்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்...