எஃபோ அக்பேகோவின் முழங்கால்

ஒருமுறை எங்கள் தேவாலயப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அருவி பார்க்கப் போனோம். நான் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, சொல்ல வெட்கமாக இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி அக்பேகோ சட்டென்று நின்றார்.

"அம்மாமாரே, முழங்கால் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோமா?"

"வழிகாட்டியே நொண்டினா நாங்க யார் பின்னாடி போறது?" என்று ஒருத்தி கேலி பண்ணினாள். சிரித்துக்கொண்டே முழங்காலைத் தேய்த்தார். விழுந்து கிடந்த மரத்தின்மேல் நாங்கள் உட்கார்ந்தோம். என் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அன்றைக்கு அவர் காலில் ஒரு குறையும் இல்லை. எனக்காகத்தான் அந்தப் பொய். ஆண்டவர் அதைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

வயதில் மூத்தவரை எங்கள் பக்கத்தில் எஃபோ என்போம், அண்ணன் மாதிரி. நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். காட்டு வாசலில் வாழைக்காய் சுட்டு, வேர்க்கடலையோடு விற்பது என் பிழைப்பு. அக்ராவிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வருவார்கள். கோக்கோ மரங்களுக்கு நடுவே மேடு பள்ளமில்லாத வழி. ஓடையைப் பலகைப் பாலங்களில் மாறி மாறித் தாண்டினால் அருவி வந்துவிடும். நனைந்து, சிரித்து, பசியோடு திரும்புவார்கள். அவர்களை அனுப்பிவிட்டு எஃபோ அடுத்த கூட்டத்தோடு உள்ளே போவார். இப்படியே வருஷங்கள் ஓடின. அவர் முழங்கால் நிஜமாகவே போயிற்று.

சாயங்காலம் என் பெஞ்சில் வந்து சாய்வார். வாழைக்காய் கையிலேயே இருக்கும்.

"ஆறிப்போகுது எஃபோ, சாப்பிடுங்க."

"மெல்றதுக்கும் தெம்பு வேணுமே, யாவா."

அந்தச் சமயத்தில் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர் மகன் வீட்டோடு போய்விட்டார். நாற்காலி காலியாயிற்று. அது எஃபோவுக்குக் கிடைத்தால் உட்கார்ந்தே பிழைத்துக்கொள்வார் என்று தினமும் ஜெபம் பண்ணினேன். கொடுக்க வேண்டியவர் ஊர்த் தலைவர்.

தலைவரிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது. கோல் பிடித்து நிற்கும் சியாமியிடம் சொல்ல வேண்டும், அவர் அதைச் சபைக்கு ஏற்றபடி அழகாக்கித் தலைவருக்குச் சொல்வார். தலைவரைப் பார்க்கப் போகிற வழக்கப்படி எஃபோ மதுப் புட்டியோடு போனார். நானும் பெண்கள் வரிசையில் இருந்தேன். தண்ணீர் கொடுத்து, நலம் விசாரித்து முடிந்ததும் எஃபோ சொன்னார்: "முழங்கால் போச்சு. இனிமே நடக்க முடியல. வாசல்ல உக்கார வெச்சீங்கன்னா போதும்."

சியாமி தொண்டையைக் கனைத்தார். "தலைவரே, தன் காலையே அருவிக்குக் காணிக்கையாக் குடுத்த மனுஷன் வந்திருக்காரு. காவலில்லாம வாசல் கிடக்குதேன்னு அவருக்குத் தூக்கம் வரல. உங்க நிழல்ல எங்க நிறுத்தினாலும் உழைக்கத் தயார்ங்கறாரு!"

சபை உருகிவிட்டது. தலைவருக்கும் கண் கலங்கியது. "இவரையா மூலையில உக்கார வைக்கிறது? இனி வழிகாட்டிகளுக்கெல்லாம் இவர்தான் மூத்தவர். பெரிய விருந்தாளிங்களை எல்லாம் இவரே கூட்டிட்டுப் போகட்டும்" என்று தீர்ப்பாயிற்று.

தலைவர் வாயிலிருந்து வந்த மரியாதையை வேண்டாமென்று சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. பெண்கள் ஓடிப்போய், வாழ்த்துகிற எங்கள் முறைப்படி அவர் கழுத்தில் பவுடர் தூவினார்கள். எஃபோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் சியாமி எஃபோவின் தோளில் தட்டினார். "உன்னை எங்க கொண்டுபோய் வெச்சேன் பாத்தியா?"

"பாத்தேன் பெரியவரே. மலை உச்சியில வெச்சுட்டீங்க. இறங்கத்தான் வழி தெரியல."

சியாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, நல்லதாகச் சொல்வதுதான் அவருக்கு வேலை. வாசல் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். எஃபோ ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

மகள் கூப்பிட்டதால் நான் கடையை மூடிவிட்டு ஹோ நகரத்துக்குக் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த பேருந்து அதற்குள் வந்து நின்றது.

"உங்க காலுக்காக ஜெபம் பண்றேன், எஃபோ" என்றேன்.

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பண்ணு, யாவா. ஆனா ஆண்டவர்கிட்ட அழகா எதுவும் பேசிடாத. அக்பேகோவுக்கு முழங்கால் வலிக்குதுன்னு மட்டும் சொல்லு."