ஒன்பதாவது வளைவில் சுவர் இருக்கிறது

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். யாரையும் நம்பவைப்பது என் வேலை இல்லை. மே மாதம், ஒரு திங்கட்கிழமை, மாலை 4:47 முதல் 5:19 வரை. மொத்தம் முப்பத்திரண்டு நிமிடம். வெளிச்சம் இருந்தது. நான் குடித்திருக்கவில்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் சைக்கிள் கைப்பிடியில் இருந்த கருவி. நேரம், உயரம் இரண்டையும் அது தானாகவே பதிந்துகொள்ளும்.

என் பெயர் புர்கி. ஃபால்பாக் பள்ளத்தாக்கில் பிறந்தவள். அப்பா பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். அம்மா ஓட்டலில் படுக்கை விரிக்கிறாள். எங்கள் வீட்டில் இன்ஸ்ப்ருக் நகரத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது எங்கள் ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்த வேலை. மலைக்குள் சுரங்கப்பாதை வந்த பிறகு, பழைய மலைரோட்டில் கார்கள் போவதில்லை. 'சத்தமில்லாத சாலைகள்' என்று பெயர் வைத்து அங்கே சைக்கிள்காரர்களை வரவழைக்க முடிவு செய்தார்கள். ஒவ்வொரு பாதையையும் நான் ஓட்டிப் பார்க்க வேண்டும். வளைவு வளைவாக எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

ஏப்ரலில் பழைய ரோடு இன்னும் பனிக்கடியில் கிடந்தது. என் மேலதிகாரி ராஃப்ல் போன அக்டோபரில் எடுத்த போட்டோக்களை மேஜைமேல் போட்டார்.

"சுவரு நல்லாத்தானே இருக்கு? எந்திரிச்சு நடந்தா போயிடும்? கையெழுத்தப் போடு புர்கி. பனி உருகினதும் போய்ப் பாத்துக்க."

"பாக்காம எப்படி சார் போடறது?"

"படிச்சவங்கன்னாலே இதான் தொல்லை. உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுதில்ல?"

போட்டேன். 'ஒன்பதாவது வளைவு: பள்ளத்துப் பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கிறது' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். ராஃப்ல் சொன்னார் என்பது உண்மை. ஆனால் எழுதிய கை என்னுடையது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்க' கிடையாது. ஜட்ஜ் ஆனாலும் பாதிரியார் ஆனாலும் அங்கே 'நீ'தான். ஏழாவது வளைவில் உயரப் பலகை இருக்கிறது. அதைத் தாண்டியதும் முன்பின் தெரியாதவர்கூட "வாடா, எப்படி இருக்க" என்பார். வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று, பாதைக் குறிப்பில் இதையும் நான் எழுதியிருந்தேன். (ராஃப்லுக்கு மட்டும் நான் எல்லா உயரத்திலும் 'நீ'தான். அது வேறு கதை.)

பாதை வெள்ளிக்கிழமை திறக்கப்பட்டது. திங்கட்கிழமைதான் எனக்கு அங்கே போக நேரம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. அந்தச் சுவர் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

4:47. ஊர் எல்லையில் ஏற்றம் தொடங்கியது. நான்காவது வளைவில் பனிமூட்டம் இறங்கியது. கருவியில் உயரம் 948.

பின்னால் ஒரு மணிச் சத்தம்.

டிங்.

சைக்கிள் மணி. ஓரம் ஒதுங்கினேன். பள்ளத்துப் பக்கமாக ஒருவர் என்னோடு இணையாக வந்தார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நீலச் சட்டை.

"வணக்கம். நீங்க இந்த ஊரா?"

"ஆமா. நீங்க?"

"லின்ஸ். பசங்களுக்கு வயலின் சொல்லித் தர்றேன்."

மரியாதையான ஆள். சேர்ந்து மிதித்தோம். ஏற்றம் செங்குத்தாகியது. எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை. இந்த வயதில் நல்ல தெம்பு என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். குளிரில் என் மூச்சு புகையாக வந்தது. அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

ரோடு முழுக்க ஈர மணல். என் சக்கரம் அதை நறநறவென்று அரைத்தது. ஒரே ஒரு சக்கரத்தின் சத்தம்தான் கேட்டது.

5:06. ஏழாவது வளைவு. பலகையைத் தாண்டினோம். 1,004.

"இனிமே 'நீ'தான்" என்றேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். எதையாவது பேச வேண்டும்போல இருந்தது.

"தெரியும். நீங்க எழுதினதப் படிச்சேன்."

"அப்புறம் என்ன 'நீங்க'? ஆயிரத்துக்கு மேல வந்தாச்சே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க வந்துட்டீங்க. நான் இன்னும் வரலையே."

எனக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர் நகைச்சுவை என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. என் பெயர் அந்தக் குறிப்பின் அடியில்தான் இருந்தது. ஆனால் என் முகம் அதில் இல்லை. எழுதியது நான்தான் என்று இவருக்கு யார் சொன்னது?

டிங்.

அவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தார். மணியை அவர் தொடவே இல்லை. சத்தம் பக்கத்திலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

அவர் காலைப் பார்த்தேன். வலது காலில் ஷூ இருந்தது. இடது காலில் வெறும் காலுறை... சேறு அப்பிய காலுறை.

"விழுந்துட்டீங்களா?"

அவர் மிதித்துக்கொண்டே போனார்.

5:17. ஒன்பதாவது வளைவு. அவர் நின்றார். நானும் நின்றேன்.

"இங்கதான்" என்றார். "சுவர் இருக்குன்னு போட்டிருந்தீங்க."

திரும்பிப் பார்த்தேன்.

சுவர் இல்லை.

மூன்று மீட்டர் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. தார் ரோடு அப்படியே வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் முடிந்தது.

திரும்பினேன்.

அவரும் இல்லை.

சைக்கிளும் இல்லை. ஈர மணலில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது. அது என்னுடையது.

அப்போது...

டிங்... டிங்...

கீழே, வெகு கீழே.

ஆடு, என்று வாய்விட்டுச் சொன்னேன். கடைசிப் பண்ணைக்காரர் வெய்ட் வீட்டு ஆடு. கழுத்துமணி. அவ்வளவுதான்.

ஆடுகளை ஜூனுக்கு முன்னால் யாரும் மேலே ஓட்டுவதில்லை. அது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

5:19. சைக்கிளைத் திருப்பினேன். பிரேக் பிடிக்காமல் இறங்கினேன்.

வீட்டில் அம்மா ஈரல் உருண்டை சூப் வைத்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? பேயப் பாத்தியா?"

"மூடுபனிம்மா. குளிரு."

"குளிரா? நீ பொறந்த ஊருடி இது. இன்ஸ்ப்ருக் போனதும் மேடத்துக்குக் குளிருதாம்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கிண்ணம் குடித்தேன். சொல்லியிருக்கலாம். மலை மீட்புக் குழுவில் அப்பாவின் நண்பர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு போன் செய்திருந்தால் இருபது நிமிடத்தில் விளக்கோடு கிளம்பியிருப்பார்கள். ஆனால் என்னவென்று சொல்வது? பேய் வந்தது என்றா? சுவர் இல்லை என்று சொன்னால், இருக்கிறது என்று எழுதியது யார் என்று கேட்பார்கள். மகள் படித்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற மனிதர் எதிரில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ராஃப்லிடம் சுவரைப் பற்றி மட்டும் சொன்னேன். பாதையை உடனே மூட வேண்டும் என்றேன்.

"நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்க. வியாழக்கெழமை மூடிக்கலாம். யாரும் விழுந்துடலையே?"

"தெரியல சார்" என்றேன். அது பொய்.

புதன்கிழமை காலை 9:10க்கு லின்ஸிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவளுடைய அப்பா சனிக்கிழமை சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தாராம். தனியாக ஊர் சுற்றுகிறவர் என்பதால் மூன்று நாள் அவள் கவலைப்படவில்லை. அவர் பெயர் எக்கார்ட். போட்டோ அனுப்பியிருந்தாள்.

நீலச் சட்டை.

என் அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தையும் சேர்த்து. அவர் போனை வைத்த கையோடு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரிவில், குட்டைப் பைன் புதருக்குள் உயிரில்லாமல் கிடந்தார் எக்கார்ட். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஒரு ஷூ இல்லை. அந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. சைக்கிள் அவர் மேலேயே கிடந்தது. வலது கையின் கட்டைவிரல் மணிமேல் இருந்தது. உயரம் 968 மீட்டர் என்று மீட்புக் குழு குறித்துக்கொண்டது. ஆயிரத்துக்குக் கீழே.

பண்ணைக்கார வெய்ட் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தார். "சனிக்கெழமலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. எவனோ வெள்ளாட்ட சீக்கிரமே ஓட்டிட்டான்னு நெனச்சேன். பெருசாத் திட்டக்கூடச் செஞ்சேன்."

ராஃப்ல் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நான் என் கையெழுத்தைப் பற்றி போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். அன்று என் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேய் என்று சொல்கிறார்கள். பேய் என்றால் செத்தவர்தானே வர வேண்டும்?

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் உயிர் போன நேரத்தைக் கேட்டேன். அவள் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுவரைக்கும் உயிரோடதான் இருந்திருக்கார்."